நெய்வேலித் தண்ணீரை எந்த மாதம் எடுப்பது?

தண்ணீர்ப் பரிசோதனைக்குப் பாட்டிலோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "சார், இதக் குடிக்கலாமா?" பதில் சொல்வது பெரிய வேலையில்லை. குடிநீருக்கு ஐஎஸ் 10500 என்று ஓர் இந்தியத் தர அளவு இருக்கிறது. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லையென்றால் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம், சல்பேட் 200, வழியில்லையென்றால் 400, ஃபுளோரைடு 1, நைட்ரேட் 45 என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். வந்த எண்ணை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்துவிடலாம்.

ஆனால் நெய்வேலியைச் சுற்றியிருக்கிற குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம், சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதே கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அவர்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியே விடுகிற தண்ணீரால் எங்கள் போர்த் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், மாறியிருக்கிறதா என்பதுதான் அவர்கள் மனதில் இருப்பது, அதற்கு ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துக்கொண்டு எந்த ஆய்வகமும் பதில் சொல்ல முடியாது. ஒரு போரில் பத்து வருஷத்துக்கு முன் உப்பு 240 இருந்து இப்போது 480 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-ஐத் தாண்டவில்லை, ஆகவே சான்றிதழ் "குடிக்கலாம்" என்றே சொல்லும். உப்பு இரண்டு மடங்கானது அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது, ஏனென்றால் பத்து வருஷத்துக்கு முந்தைய எண்ணை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள நெய்வேலிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது ஊற்றோடு சேர்ந்து கரும்பழுப்பாக ஏதோ வந்தது, அங்கேதான் எல்லாம் ஆரம்பம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதில் பலர் கவனிக்காதது, நிலக்கரியைக் காட்டிக்கொடுத்ததே தண்ணீர்தான் என்பது. 1956-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் (என்எல்சி) தொடங்கி, 1957-ல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்து, 1961-ல்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. மேல்மண் நிறைய என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய தலைவலி, பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு நேர் கீழே அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் ஊற்று மணல். மேல்நோக்கி அது தள்ளுகிற அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை என்று சொல்கிறார்கள், அதாவது 60 முதல் 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தக்கூடிய அழுத்தம். மேலே இருக்கிற மண்ணை அள்ளிவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் பீறிட்டுவிடும். அதனால் சுரங்கம் நடக்கிற காலம் முழுக்க, ராத்திரி பகல் பார்க்காமல், சுற்றிலும் பம்பு வைத்து அந்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படி இறைக்கிற தண்ணீர் பொதுவாக நல்ல தண்ணீர். அனல்மின் நிலையத்துக்கும் நகரியத்துக்கும் போகிறது, நெய்வேலி ஊற்றுப் படுகையின் தண்ணீர் வறட்சிக் காலங்களில் சென்னை வரைக்கும் போயிருக்கிறது. ஆனால் சுரங்கத்திலிருந்து வருவது அது மட்டும் கிடையாது. மழைத் தண்ணீரும் மேல்மண்ணிலிருந்து கசிகிற தண்ணீரும் குழியின் அடியில் சேரும். அதில் களிமண்ணும் நிலக்கரித் தூளும் கலந்து காபிக் கலரில் இருக்கும். அதையும் வெளியே இறைத்தாக வேண்டும். மூன்றாவதாக, அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோய்க் கொட்டுகிற சாம்பல் குளங்கள். மூன்றும் வேறு வேறு இடத்தில் பிறந்து, வேறு வேறு பொருளைச் சுமந்து வருகின்றன. பேச்சுவார்த்தையில் சுரங்க அதிகாரி முதல் வகையை மனதில் வைத்து "சுத்தமான தண்ணிதான் விடறோம்" என்பார், விவசாயி இரண்டாவதைப் பார்த்துவிட்டு "சேறுதான் வருது" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கூட்டம் ஒருநாளும் முடியாது. அதனால் கண்காணிப்பு என்று ஆரம்பித்தால் முதலில் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று பார்த்து, அங்கேயே, ஊர்த் தண்ணீரோடு கலப்பதற்கு முன்பே ஒரு மாதிரி எடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேராகக் கிணற்றுக்குப் போவதில் அர்த்தமில்லை.

வெளியே வந்த தண்ணீர் பரவனாறு, வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று போய் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் ஆகிறது. இதில் நன்மையும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கோடையில் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கிறது? கூடவே வண்டலும் வருகிறது. வாலாஜா ஏரி தூர்ந்துபோய்ப் பிறகு தூர் வாரியது எல்லோருக்கும் தெரிந்த கதை. வண்டல் கண்ணுக்குத் தெரியும், சண்டை போட வசதி. கரைந்து வருகிற உப்பும் உலோகமும் கண்ணுக்குத் தெரியாமல் ஏரியின் அடிவழியாக மெல்ல இறங்கி, முதலில் முப்பது நாற்பது அடிக் கிணறுகளுக்குப் போய்ச் சேரும்.

"அது மேல் ஊற்றோடு நின்றுவிடும், ஆழத்தில் இருக்கிற தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது, நடுவில் களிமண் இருக்கிறதே" என்று படித்தவர்களே சொல்வார்கள். பழைய காலத்துக்கு அது சரி. அப்போது கீழ் ஊற்றின் அழுத்தம் அதிகம், ஆகவே களிமண்ணில் எங்காவது ஓட்டை இருந்தாலும் தண்ணீர் கீழிருந்து மேலே வந்ததே தவிர மேலிருந்து கீழே போகவில்லை. கீழ் ஊற்று தன்னைத் தானே காத்துக்கொண்டது. பல பத்தாண்டுகளாக அழுத்தத்தை இறக்கிய பிறகு நிலைமை தலைகீழ். இப்போது அதே ஓட்டை வழியாக மேல் தண்ணீர் கீழே இறங்க முடியும். களிமண் தடிப்பாக இருக்கிற இடத்தில் அதற்கு ரொம்ப காலம் ஆகும். ஆனால் நாம்தான் ஊர் முழுக்கத் துளை போட்டு வைத்திருக்கிறோமே! காசு மிச்சம் என்று துளையின் சுவரைத் தாங்குகிற கேசிங் பைப்பைப் பாதியில் நிறுத்தின போர், வற்றிப்போய் வாயை மூடாமல் விட்ட போர், பைப்பைச் சுற்றி சிமெண்ட் பாலோ களிமண்ணோ அடைக்காமல் ஜல்லியைக் கொட்டிய போர், எல்லாமே மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் இணைக்கிற குழாய்தான். இதைச் சுரங்கத்தின் கணக்கில் எழுதுவதா நம் கணக்கில் எழுதுவதா என்று கேட்டால், இரண்டிலும் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

அதனால் மாதிரி எடுக்கப் போனால் நான் கேட்கும் முதல் கேள்வி ஆழம். இதற்குத்தான் பதில் கிடைக்காது. "ஒரு இருநூறு இருநூத்தம்பது அடி இருக்கும் தம்பி, எங்கப்பா போட்டது." கேசிங் எவ்வளவு, தண்ணீர் உள்ளே வருகிற ஃபில்டர் பைப் எந்த ஆழத்தில் என்றால் சிரிப்பார்கள். போர் போட்ட வண்டிக்காரரிடம் ஒரு நோட்டு இருக்கும், அதில் இத்தனை அடியில் களி, இத்தனை அடியில் மணல் என்று பென்சிலில் எழுதியிருக்கும், அந்த நோட்டு கிடைத்தால் தங்கம். கிடைக்காவிட்டால் அந்தப் போரை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பதே மேல். எந்த ஊற்றின் தண்ணீர் என்று தெரியாத எண் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பிரயோஜனம்?

மாதிரி எடுப்பதும் பாட்டிலைப் பிடித்து நிரப்புகிற வேலை இல்லை. பைப்பில் தங்கி நின்ற பழைய தண்ணீர் முழுக்க வெளியேறணும். மும்முனை மின்சாரம் காலையிலேயே வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிற வயலுக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லையென்றால் மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு வாளியை வைத்து உப்பு அளக்கிற மீட்டரை அதில் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எண் முதலில் தடுமாறும், ஏறும், இறங்கும், அப்புறம் ஓரிடத்தில் நின்றுவிடும். நின்ற பிறகுதான் பாட்டில். அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு பாட்டிலை அப்படியே நிரப்பி, உலோகங்களுக்கான இன்னொரு பாட்டிலுக்கு ஊசிக்குழாயின் முனையில் 0.45 மைக்ரான் வடிகட்டி மாட்டிக் கட்டைவிரல் வலிக்க அழுத்தி, அதில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, மார்க்கரில் எண்ணும் நேரமும் எழுதி, மீன்காரரிடம் வாங்கின ஐஸ் போட்ட பெட்டிக்குள் வைக்க வேண்டும். அமிலம் எதற்கு என்று பக்கத்தில் நிற்கிறவர் கேட்பார். வார்த்தையில் விளக்குவதைவிட, அமிலம் விடாத ஒரு பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டுப் போனால் போதும். இரும்பு இருக்கிற தண்ணீர் போரிலிருந்து வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும், கொஞ்ச நேரம் கழித்து லேசாக மஞ்சளாகும், சாயங்காலத்துக்குள் அடியில் காவிப் பொடி படிந்துவிடும். அந்த இரும்பு இப்போது தண்ணீரில் இல்லை, பாட்டிலின் அடியில் இருக்கிறது, தன்னோடு வேறு சில உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கீழே போயிருக்கும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ரெண்டு நாள் கழித்து வருகிற மாதிரியில் "இரும்பு குறைவு, உலோகம் இல்லை" என்று வருவதன் ரகசியம் இதுதான். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற பிஹெச் அதைவிட மோசம், வீட்டுக்கு எடுத்துப் போவதற்குள் மாறிவிடும். அதை அங்கேயே, வரப்பிலேயே பார்த்தாக வேண்டும்.

பாதரசம் இன்னும் ஒரு படி மேலே. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது பத்து லட்சம் லிட்டருக்கு ஒரு கிராம். இவ்வளவு நுணுக்கமான அளவில் பாட்டிலின் பிளாஸ்டிக்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தனி பாட்டில், தனி பக்குவம் வேண்டும். 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, நெய்வேலிச் சுற்றுவட்டாரத் தண்ணீரில் பாதரசம் வரம்பை மீறி இருப்பதாகச் சொன்னது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. அந்த ஆய்வை அன்றைக்கே நம்பினவர்களும் அன்றைக்கே மறுத்தவர்களும் ஒரே வேகத்தில் பேசினார்கள். எனக்கு அப்போது தோன்றியது, இந்தச் சுரங்கத்தைச் சுற்றி இருபது முப்பது வருஷத்துப் பாதரச எண்கள் வரிசையாக, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இருந்திருந்தால் ஒரு தன்னார்வ அமைப்பு போய்ப் பாட்டில் பிடிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது என்பதுதான்.

சரி, அரசாங்கம் எதையும் அளக்கச் சொல்லவில்லையா என்றால், சொல்லியிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொடுக்கும் அனுமதிக் கடிதங்கள் பலவற்றில் ஒரு நிபந்தனை அச்சடித்த மாதிரி திரும்பத் திரும்ப வரும்: சுற்றியுள்ள கிணறுகளையும் புதிதாகப் போடும் கண்காணிப்புக் குழாய்களையும் வைத்து நிலத்தடி நீரைக் கண்காணிக்க வேண்டும், நீர்மட்டத்தை வருஷத்துக்கு நான்கு முறை, பருவமழைக்கு முன் மே, பருவமழையில் ஆகஸ்ட், பருவமழைக்குப் பின் நவம்பர், குளிர்காலம் ஜனவரி, தரத்தை மே மாதத்தில்.

இதைக் கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்து படிப்பவருக்குச் சிரிப்பு வரும். நவம்பர், பருவமழைக்குப் பின்! ஐப்பசி கார்த்திகையில்தான் எங்களுக்கு மழையே. வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து மாவட்டமே மிதந்ததை யாராவது "மழைக்குப் பின்" என்பார்களா? தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஜார்க்கண்டுக்கோ சத்தீஸ்கருக்கோ எழுதின அட்டவணை, அப்படியே எல்லாருக்கும் பொருந்தும் என்று விட்டுவிட்டார்கள். தரத்துக்கு மே மாதம் ஒன்றே என்பதுதான் இதில் பெரிய கோளாறு. சுரங்கக் குழியிலிருந்து அழுக்குத் தண்ணீர் அதிகமாக வெளியே வருவது மழை கொட்டுகிற நவம்பரில், ஏரிகள் நிறைந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவது அதற்கடுத்த இரண்டு மூன்று மாதங்களில். மே மாதம் போனால் ஏரி வற்றியிருக்கும். கிணற்றில் இருப்பது வெயிலில் சுண்டின தண்ணீர், கூடவே வயலிலிருந்து இறங்கின உரத்தின் உப்பு. அப்போது எடுத்த எண்ணை வைத்து உப்பு அதிகம் என்று சொல்லலாம், எங்கிருந்து வந்தது என்று சொல்வது கஷ்டம். மே மாத மாதிரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூடவே டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஒன்றும், பிப்ரவரி மார்ச்சில் ஒன்றும் எடுக்காமல் இந்த மாவட்டத்தில் சுரங்கத் தண்ணீரின் பாதிப்பைப் பற்றி யாரும் அடித்துப் பேச முடியாது என்றுதான் சொல்கிறேன்.

எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க டிடிஎஸ் என்கிற மொத்த உப்புக் கணக்கு மட்டும் உதவாது, உப்பைப் பிரித்துப் பார்க்கணும். குளோரைடு ஏறி சல்பேட் ஏறாமல் இருந்தால் சாக்கடையையோ, கடலோர ஊர் என்றால் கடல் தண்ணீரையோ சந்தேகப்படலாம். நைட்ரேட் ஏறினால் உரமும் கழிவுநீரும். குளோரைடு அப்படியே இருக்க சல்பேட் மட்டும் ஏறினால்தான் சுரங்கத்தின் பக்கம் திரும்ப வேண்டும், ஏனென்றால் நிலக்கரியோடும் மேல்மண்ணோடும் இருக்கிற இரும்பு சல்பைடு காற்றும் தண்ணீரும் பட்டதும் சல்பேட்டாகவும் அமிலமாகவும் மாறுகிறது. சல்பேட்டோடு போரானும் சேர்ந்து ஏறினால் சாம்பல் குளத்தைப் போய்ப் பாருங்கள். இதெல்லாம் துப்புதான், தீர்ப்பு கிடையாது; ஒரே கிணற்றில் மூன்று நான்கு வருஷம் ஒரே திசையில் போனால்தான் பேச முடியும். நெய்வேலி நிலக்கரியில் கந்தகம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் மேகாலயாவின் ஜயந்தியா மலையில் நடந்த மாதிரி ஆறே அமிலமாகி நீர்மின் நிலையத்தின் இயந்திரத்தை அரிக்கிற நிலை இங்கே இல்லை. அதுவே இங்கே மாற்றத்தைக் கண்டுபிடிப்பதையும் கஷ்டமாக்குகிறது, மெதுவாக ஏறுகிற எண்ணை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒப்பிட ஒரு கிணறும் வேண்டும். கீழ் ஊற்று மேற்கு, வடமேற்கு மேட்டுப் பகுதியில் மழையை வாங்கிக்கொண்டு தென்கிழக்காகக் கடல் பக்கம் நகர்கிறது. சுரங்கத்துக்கு மேற்கே, தண்ணீர் வந்து சேருகிற பக்கத்தில் ஒரு போர் இருந்தால் அது சுரங்கத்தைத் தொடாத தண்ணீர். அதிலும் அதே வேகத்தில் சல்பேட் ஏறினால் காரணம் வேறு. பரவனாற்றைத் திருப்ப 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்கு நடுவே இயந்திரம் இறங்கினது பெரிய போராட்டமாகி நாடே பேசியது, பயிரைப் பற்றி எல்லோரும் பேசினோம். புதிதாக வெட்டுகிற வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதற்கு முன் இரண்டு பக்கத்துப் போர்களிலும் ஒரு மாதிரி எடுத்து வைப்பதைப் பற்றி யாரும் பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஓட ஆரம்பித்த பிறகு அந்த முதல் எண்ணை எங்கே போய்த் தேடுவது?

ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிக்குக் கொடுத்த பரிசோதனைப் பெட்டி பல இடத்தில் அலமாரியில் தூங்குகிறது, அதைப் பழகின பெண்களும் ஊரில் இருப்பார்கள். பிஹெச், குளோரைடு, இரும்பு, நைட்ரேட் எல்லாம் அதில் ஓரளவு பார்க்கலாம், பாதரசம் பார்க்க முடியாது. ஆழம் தெரிந்த இரண்டு போர், ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஒரு திறந்த கிணறு, வாய்க்காலில் ஒரு இடம். பொங்கல் கழிந்து ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை, மே மாதம் ஒரு முறை, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டர் கூட ஒரே ஆள் ஒரே மாதிரி பிடித்தால் நன்றாகவே உழைக்கும். எண் குதிக்கிற வருஷம் மட்டும் ஆய்வகத்துக்குப் பணம் செலவு பண்ணினால் போதும், சல்பேட், போரான், பாதரசம் என்று பெயர் சொல்லிக் கேட்டு. அறிக்கை வந்ததும் நேர்மின், எதிர்மின் அயனிகளின் கணக்கு ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள், எந்தத் தண்ணீரிலும் இரண்டும் சமமாகத்தான் இருக்கும். அந்தக் கணக்கே இடிக்கிற அறிக்கையை நானாக இருந்தால் வாங்க மாட்டேன். இன்னொன்று, அனுமதி வாங்கின நிறுவனங்கள் நிபந்தனைகளை நிறைவேற்றின விவரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 என்று தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அது பொது ஆவணம், அதில் எந்தெந்தக் கிணறு என்று பார்த்து அதன் பக்கத்திலேயே உங்கள் கிணற்றையும் தேர்ந்தெடுத்தால் இரண்டையும் வைத்துப் பேசலாம்.

கடைசியாக, சுரங்கம் ஓடுகிற வரைக்கும்தான் கண்காணிப்பு என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நெய்வேலியில் மண் வெட்டுகிற அந்த ராட்சத சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அதே ஜெர்மனியின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் 1990-க்குப் பிறகு பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன, பம்புகள் நின்றன, நிலத்தடி நீர் பழைய மட்டத்துக்கு ஏற ஆரம்பித்தது. ஏறின தண்ணீர், புரட்டிப் போட்ட மேல்மண்ணில் அத்தனை வருஷம் காற்றுப்பட்டுக் கிடந்த இரும்பையும் சல்பேட்டையும் கரைத்துக்கொண்டு ஸ்ப்ரே ஆற்றில் சேர்ந்தது. ஆறு துருக்கலர் ஆனது, கீழே பெர்லினின் குடிநீருக்கே சல்பேட் ஒரு கவலையானது. அங்கே கந்தகம் அதிகம், இங்கே அவ்வளவு ஆகாமல் இருக்கலாம். ஆனால் இங்கேயும் வெட்டின மண் குழிக்குள்தான் திரும்பப் போகிறது, இங்கேயும் என்றைக்காவது பம்பு நிற்கும். அந்த நாளுக்கு அப்புறம் எத்தனை வருஷம், எந்தெந்தக் கிணற்றில், யார் செலவில் தண்ணீர் எடுப்பார்கள் என்பது சுரங்க மூடல் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டிய விஷயம். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக் கையில் வந்தால் நான் கேட்கப் போவது இதைத்தான்.